ஆணியில் தொங்கிய இலை

போன மாதம் என் மகள் வசந்தா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளைப் பெட்டியை என் படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். அதில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று அறையின் சூடு, மற்றது காற்றில் இருக்கும் ஈரம். எண்களுக்குக் கீழே ஒரு முகம். எல்லாம் சரியாக இருந்தால் அது சிரிக்கும். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் வாயைக் கோணிக்கொண்டு முறைக்கும்.

முப்பத்தைந்து வருடம் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ இன்ஸ்பெக்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட என்னை இப்படி முறைத்ததில்லை. மழை பெய்தால் முறைக்கிறது. சன்னலைச் சாத்தினேன், அப்போதும் முறைப்பு. மகள் மாட்டிக்கொடுத்த ஏ.சி.யைப் போட்டேன். ஈரம் மளமளவென்று இறங்கியது, இந்தப் பக்கம் சிரிப்பைத் தாண்டி அந்தப் பக்க முறைப்புக்குப் போய்விட்டது. என்னதான் வேண்டும் உனக்கு என்று வாய்விட்டே கேட்டேன். கடைசியில், எண்பத்தைந்து வயதில் செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தேன். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து, நாற்காலியில் விரித்து, பெட்டிக்கு எதிரே வைத்தேன். கால் மணி நேரத்தில் முகம் சிரித்தது. லஞ்சம் வாங்கியதுபோல ஒரு சிரிப்பு.

ஆனால் அதற்குள் நனைந்த சணலின் வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாடை வந்த பிறகு எனக்குப் பெட்டி எங்கே, எண் எங்கே? கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணமாகி நான் குடித்தனம் வந்த வீடு திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்தது. வீடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ராவுத்தர் ஒருவர் புகையிலையைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் ஒரு பகுதியைத் தடுத்து, அடுப்படி கட்டி, குடியிருக்க விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கிட்டங்கியில் மேஸ்திரி. சுவர்கள் ஒன்றரை முழம் கனம். தரையில் கற்பலகை. உயரத்தில் ஒரே ஒரு சன்னல், அதுவும் ஸ்லேட்டுப் பலகை அகலம்தான். கட்டினவர்கள் புகையிலையை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், மனுஷர்கள் வந்து குடியேறுவார்கள் என்று அவர்கள் கனவா கண்டார்கள்?

திண்டுக்கல் வெயிலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பகலெல்லாம் அந்த மலைப்பாறை வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். சூரியன் போய்விட்டது, அப்பாடா என்று கதவைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்பது போல இருக்கும். ஆடி மாதம் மேற்கேயிருந்து காற்று வரும். வந்தால் தெருவையே கையோடு அள்ளிக்கொண்டுதான் வரும். ஐப்பசியில் மழை. இது மூன்றுக்கும் நடுவில்தான் ஒரு வீட்டைப் பக்குவமாக வைத்திருக்க வேண்டும். அதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அபிப்பிராய பேதம்.

நான் மூன்றாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வர வேண்டும், படுக்கையை வெயிலில் போட வேண்டும் என்று அறுபது பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைத்துவிட்டு வருவேன். அவருக்குப் பாடமெல்லாம் கிட்டங்கியில்தான். புகையிலை காய்ந்துவிட்டால் தொட்டாலே நொறுங்கும், ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தில் இலை தோல் மாதிரி மடங்கும், ஒடியாது. அதைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலை. கோடையில் கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, கட்டிவைத்த இலைச் சிப்பங்களின்மேல் ஈரச்சாக்கு போடுவார்கள். மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டினால் போதும், கதவுகளை விரியத் திறந்து சிப்பங்களைப் புரட்டுவார்கள். இதில் அவர் பெரிய கெட்டிக்காரர். பக்கத்து ஊர்க் கிட்டங்கிகளிலிருந்துகூட அவரைக் கூட்டிப்போய்ப் பதம் பார்க்கச் சொல்வார்கள்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். நல்லதாக ஒரு புகையிலையை எடுத்து வந்து, வசந்தாவின் தொட்டிலுக்கு மேலே இருந்த உத்திரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் தொடுவார். இரண்டு விரலால் நிமிண்டிப் பார்ப்பார். சரசரத்தால் வீடு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சன்னலைச் சாத்திச் சாக்கு நனைப்பார். துவண்டால் சன்னலைத் திறப்பார்.

"பாடம் நடத்துறவங்களுக்கு வீட்டுச் சன்னல தெறக்க உரிமை இல்லையா?" என்று கேட்பேன்.

"இலையக் கேளு டீச்சர். அது பொய் சொல்லாது. நீ சொல்றது பொஸ்தகம், இது கண்ணுக்கு முன்னால தொங்குது. அம்புட்டுத்தேன்" என்பார். கோபம் இல்லாதபோது என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் கூப்பிடவே மாட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு குழாயடியில் தவம் கிடக்க வேண்டும். அதில் இரண்டு குடத்தை அவர் சாக்குக்கு ஊற்றுவதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனாலும் சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால், ஈரச் சணல் வாடையோடு குளுகுளுவென்று முகத்தில் வந்து படும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் "டீச்சர், செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்" என்று வந்து, சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். பாடத்தில் சொல்வது ஒன்று, வீட்டில் அனுபவிப்பது ஒன்று என்று ஒரு நாளும் எனக்கு உறுத்தியதில்லை.

வசந்தாவுக்கு இரண்டு வயது முடிகிற சமயத்தில் இழுப்பு வந்தது. சாதாரணச் சளி என்றுதான் நினைத்தேன். நெஞ்சு ஏறி ஏறி இறங்க, கழுத்துக் குழியில் தோல் உள்ளே போய்ப் போய் வர, குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சுக்குப் பாடுபட்டது. அழக்கூட அதற்குக் காற்று மிச்சமில்லை. அன்றைக்கு நான் பயந்ததுபோல அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

காரணம் ஈரம்தான் என்றேன் நான். இல்லை, வறண்ட காற்றுதான் என்றார் அவர். சன்னலைத் திறந்து வைத்தோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ஆடிக்காற்றுப் புழுதி உள்ளே வந்தது, இழுப்பும் வந்தது. சாத்தி வைத்தோம். நாலு நாள் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் வந்தது. வாத்தியார் புத்தி எங்கே போகும்? பள்ளிக்கூடத்தில் தள்ளிப்போட்ட பழைய வருகைப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து கோடு போட்டேன். பிள்ளைகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சன்னல், சாக்கு, இலை, வசந்தா. சன்னல் திறந்திருந்ததா, சாக்கு நனைத்தோமா, இலை சரசரத்ததா துவண்டதா, குழந்தைக்கு மூச்சு எப்படி. ஒரு நாள் விடாமல் எழுதினேன். ஏழெட்டு மாதம் எழுதிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தால், எதற்கும் எதற்கும் சம்பந்தமே இல்லை. இலை நல்ல பதத்தில் இருந்த நாளிலும் இழுப்பு, சருகாகக் கிடந்த நாளிலும் இழுப்பு. சில நாள் எல்லாம் தப்பாக இருந்தும் குழந்தை விளையாடியிருக்கிறது. எனக்கு மண்டை காய்ந்தது. அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இலையப் பத்தி நீ சரியா எழுதல" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் போனோம். காய்ந்த காற்றுதான் நல்லது என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால், மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர், "தெனமும் ரெண்டு வேள வெந்நி ஆவி காட்டுங்கம்மா" என்றார். நடுவில் ஒரே ஒரு பச்சைத் திரைதான். நான் எந்தப் பக்கம் நின்று கேட்பது? திரும்ப உள்ளே போய் டாக்டரிடமே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காஞ்ச ஊரா பாத்து, சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? கொஞ்ச நாள் அங்க வச்சுப் பாருங்களேன்" என்றார்.

காய்ந்த ஊருக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமில்லை. என் அக்காவைக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பூமி. அக்காவுக்கு இரண்டும் பையன்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். மண்சுவர், மேலே சோளத்தட்டைக் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக ஆடிக்காற்று தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தது. புழுதியும்தான். முற்றத்தில் ஆடு, அடுப்படியில் புகை. என் சுகாதாரப் பாடத்தில் எதெல்லாம் கூடாது என்று எழுதியிருந்ததோ அதெல்லாம் அங்கே இருந்தது. வசந்தா மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். நெஞ்சில் ஒரு சத்தம் இல்லை.

எனக்கு முதலில் சந்தோஷம். அப்புறம், இப்போது சொல்வதற்கென்ன, பொறாமை.

"நீ என்னக்கா செய்யிற?" என்று கேட்டேன்.

"நான் என்னடி செய்யிறேன்? கஞ்சி ஊத்துறேன், குளிப்பாட்டுறேன். சன்னலா இருக்கு இங்க, தெறக்கவும் அடைக்கவும்?" என்றாள் அக்கா.

ஒரு வாரத்தில் திண்டுக்கல்லுக்குத் திரும்பக் கூட்டிவந்தோம். இரண்டு நாளில் இழுப்பு. மறுபடி அக்கா வீடு. மறுபடி சுகம். தை பிறந்ததும் கூட்டிவந்தோம், மாசிக்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். மழை முடியட்டும் என்றோம், வெயில் தாழட்டும் என்றோம். அப்படியே அவளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. டவுன் பள்ளிக்கூடத்தில் நான் ஊரார் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு யாரோ கையைப் பிடித்தார்கள்.

மாதம் ஒரு முறை சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன். பிஸ்கட்டும் ரிப்பனும் வாங்கிப் போவேன். அக்கா பையன்கள் அக்காவை அம்மா என்று கூப்பிட, இவளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். அக்காவுக்கு அது சங்கடம். "ஏ புள்ள, நான் ஒனக்குப் பெரியம்மாடி. அந்தா வர்றாக பாரு, அதுதேன் ஒங்கம்மா" என்பாள். வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது டவுனம்மா" என்றாள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

வீட்டில் என் ஏடு நடந்துகொண்டேதான் இருந்தது. வசந்தா என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அதை நிரப்ப ஆள் இல்லாமல் மற்றதையெல்லாம் எதற்கு எழுதினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அவரும் இலையை மாற்றி மாற்றிப் புது இலை தொங்கவிட்டார். பதம் கெடாமல் வீட்டை வைத்திருந்தால் குழந்தையைக் கூட்டிவந்துவிடலாம் என்று அவர் நம்பினார். பாவம், தினமும் நிமிண்டிப் பார்த்தார்.

இப்படி நாலைந்து வருடம் போனது. ஒரு மாசி மாதம், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அக்கா திண்டுக்கல்லுக்கு வந்தாள். ஆடு மாட்டை விட்டுவிட்டு அவள் எங்கும் நகர்ந்ததில்லை. எங்கள் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வாசல்படி தாண்டியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தும்மல் போட்டாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வழியக் கேட்டாள்.

"என்னடி வீடு இது? பொகையிலைக்குள்ளயா குடியிருக்கீக?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். புகையிலை வாடையா? எங்கே? எங்கள் மூக்குக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சுவரிலும் பாயிலும் போர்வையிலும் அவர் சட்டையிலும் என் சேலையிலும் அது ஊறிக் கிடந்திருக்கிறது. ஈரமா வறட்சியா என்று வருடக்கணக்காக அடித்துக்கொண்ட எங்கள் இரண்டு பேருக்கும், அந்தக் காற்றில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. தொட்டிலுக்கு நேர் மேலே, குழந்தையின் மூக்கைப் பார்த்துக்கொண்டு, நாங்களே ஒரு இலையைத் தொங்கவிட்டிருக்கிறோம். தினமும் நிமிண்டித் தூள் உதிர்த்திருக்கிறோம்.

அவர் அந்த நிமிஷமே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார், இலையை எடுத்தார், ஆணியையும் பிடுங்கினார். கீழே இறங்கி, "எனக்கு மூக்கே இல்லாமப் போச்சு போல" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். பதத்துக்கு அவர் கையைத்தான் ஊரே நம்பியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதே சமயம் அவர்மேல் கோபமாகவும் இருந்தது, என்மேலும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தோம். ராவுத்தரிடம் போய்ச் சன்னல் பெரிதாக வேண்டும் என்று கேட்டேன். "சுவத்த இடிச்சுக்கங்க டீச்சரம்மா. புள்ள மூச்சக் காட்டிலும் சுவரு பெருசா?" என்றார் அவர். எதிரும் புதிருமாக இரண்டு சன்னல் வைத்தோம். கிட்டங்கிப் பக்கம் இருந்த இடுக்கையெல்லாம் பூசி அடைத்தோம். சுண்ணாம்பு அடித்தோம். பழைய பாய், தலையணை எல்லாம் தூக்கிப் போட்டோம். அவர் கிட்டங்கிக் கிணற்றடியிலேயே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். சாக்கு நனைப்பது நின்றது. கோடையில் வெந்தோம், ஆனாலும் நனைக்கவில்லை. பள்ளிக்கூட லீவுக்கு வசந்தாவைக் கூட்டிவந்து பார்த்தோம். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஒன்றும் இல்லை. ஒன்பது வயதில் அவள் பெட்டி படுக்கையோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

எதனால் சரியாயிற்று? நீங்கள் இலைதான் என்பீர்கள். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். பிற்பாடு ஒரு டாக்டர், சில குழந்தைகளுக்கு வளர வளர இழுப்பு தானாகவே விட்டுப்போகும் என்றார். ஒருவேளை சன்னலாக இருக்கலாம். சுவரில் எங்களுக்குத் தெரியாமல் பூசணம் இருந்து, அது சுண்ணாம்பில் போயிருக்கலாம். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருந்தால் ஏட்டில் விடை கிடைத்திருக்கும். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கப் பொறுமை ஏது? இத்தனை வயதுக்கும் எனக்கு அது குழப்பம்தான்.

ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் தெரியும். அக்கா அன்றைக்கு மூக்கைப் பொத்தியதோடு வாயையும் மூடிக்கொண்டிருந்தால் வசந்தா அவளோடே இருந்திருப்பாள். அக்காவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பெண்ணை எங்களிடம் அனுப்பிய அன்று பஸ் நிற்கிற இடத்துக்கு அவள் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லிவிட்டாளாம்.

அந்தக் கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். எங்கள் வீடு எந்த மூலையில் இருந்தது என்று எனக்கே அடையாளம் சொல்லத் தெரியவில்லை. ஏட்டைச் செல் அரித்துவிட்டது. அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அக்கா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். இவற்றையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தபோது, முந்தாநாள், ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. வசந்தாவுக்கு முதல் பல் எப்போது விழுந்தது? அழுதாளா, சிரித்தாளா, பல்லைக் கூரைமேல் எறிந்தார்களா? ஆறு வருடத்தில் இப்படி எத்தனையோ இருக்கும். அக்காவிடம் ஒரு தடவைகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடுமே என்று இருந்திருப்பேன்.

வசந்தாவுக்கே போன் போட்டேன். அறுபத்தைந்து வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தாள்.

"ஞாபகமே இல்லையே டவுனம்மா" என்றாள். "அதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும்."